சொல்லாது விட்ட சொல்

"ஐயா, சொல்லெல்லாம் தெரியும், வசனந்தான் விளங்கவில்லை." ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர் எவர் காதிலும் இம்முறைப்பாடு விழாதிராது. யாழ்ப்பாணத்து வகுப்பறைகளிலே பல்லாண்டுகளாக நான் கேட்டு வந்ததும் இதுவே. மாணவன் அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் பென்சிலாற் பொருள் எழுதிக்கொண்டு வருகிறான். எழுதிய பொருளிலே பிழை காண முடிவதில்லை. ஆயினும் வசனத்தின் கருத்து அவன் கைக்கு அகப்படாது நழுவிவிடுகிறது. சொல்வளம் போதாது என்று கூறி, இன்னும் ஐம்பது சொற்களைப் பாடமாக்கி வருமாறு அவனை அனுப்பிவிடுதல் நமக்கு எளிது. ஆராய்ந்து பார்க்கின், அவனை மயக்கியது தாளிலே இல்லாத ஒரு சொல்லாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஓர் உதாரணம் காட்டுவேன். 'த புக் ஐ போற் யெஸ்ரடே இஸ் லொஸ்ற்' என்பது வசனம். நேற்று நான் வாங்கிய புத்தகம் தொலைந்துவிட்டது என்பது பொருள். இதிலே மாணவன் அறியாத சொல் ஒன்றேனும் இல்லை. ஆனால் 'புத்தகம்' என்ற சொல்லை அடுத்து, யாதோர் இணைப்புமின்றி, 'நான்' வந்து நிற்கிறது. இரண்டு பெயர்கள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டவுடன் அவன் திகைக்கிறான். 'புத்தகமும் நானும்' என்று எழுதுவோரும் உளர். அவ்விரண்டுக்கும் இடையிலே 'விச்' என்றோ 'தற்' என்றோ ஒரு சொல் இருந்து மறைந்தது என்று சுட்டிக்காட்டிவிட்டால், மறுகணமே அவன் முகம் தெளிகிறது. வாய்விட்டுச் சிரிப்பவர்களும் உண்டு, இவ்வளவுதானோ என்று.

முன்னாளிலே ஆங்கில வகுப்புகளில் 'பாசிங்' என்றொரு பயிற்சி இருந்தது. வசனத்தைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணம் கூறவேண்டும். தமிழ் வகுப்பிலே 'சொல்லிலக்கணங் கூறுதல்' என்று பயிற்றியதும் இதனோடொத்ததே. 'கோ' என்ற ஒற்றைச்சொல் வசனத்தைக் கொடுத்து எழுவாய் யாது என்று கேட்டால், "'யூ' அண்டர்ஸ்ருட்" என்று மாணவர் ஒருமித்த குரலிற் கூறுவர். 1795ஆம் ஆண்டிலே வெளிவந்த லிண்ட்லி மறேயின் ஆங்கில இலக்கணம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகளை ஆண்டது. சொற்கள் தொக்கு நிற்றலைப் பற்றி அதிலே தனி விதியொன்று உண்டு. இந்தியப் பள்ளிகளுக்கென்றே நூல் செய்த நெஸ்பீல்டும் இதனை விட்டுவிடவில்லை. பின்னர் சுதேச மொழிக் கல்வி வந்து ஆங்கிலம் பாடங்களுள் ஒரு பாடமாயிற்று. பேச்சுப் பழக்கமே போதும், இலக்கணம் வேண்டா என்ற கொள்கை வகுப்பறைக்குள் நுழைந்தது. 'பாசிங்' வெளியேறிற்று. அதனோடு 'அண்டர்ஸ்ருட்' என்ற சொல்லும் போயிற்று. அந்தப் பயிற்சியிலே உயிரற்ற பகுதிகளும் பலவிருந்தன என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் இல்லாத சொல்லைத் தேடும் வழக்கத்தை மாணவனுக்கு ஊட்டியது அது ஒன்றே.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்து வரலாற்றை நினையாதிருத்தல் இயலாது. 1823ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினறியை நிறுவினர். டானியேல் பூவர் அதன் முதல் அதிபர். 1855இலே மூடப்படும் வரையில், ஆங்கிலமும் மேனாட்டு விஞ்ஞானமும் தமிழிலக்கணமும் அங்கே ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்றவர்களுள் ஒருவர் அவர். அவரே 1868ஆம் ஆண்டிலே, ஆறுமுக நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையுடன் அச்சேற்றினார். ஆங்கிலத்தை அதன் இலக்கணத்தோடு கற்ற ஒருவர், தமிழிலே வசனத்தின் எச்சங்களை நுணுகி ஆராய்ந்த உரையொன்றை அழியாது காத்தளித்தார் என்பது சிந்திக்கத்தக்கது. பின்னாளிலே புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அதே சேனாவரையத்துக்கு அரிய குறிப்புக்கள் எழுத, சுன்னாகம் திருமகள் அழுத்தகம் 1938இலே அதனை வெளியிட்டது. ஆகவே இந்தப் பொருள் நம் மண்ணுக்குப் புதிதன்று. நமது ஆங்கில ஆசிரியர்கள் ஒரு பக்கமும் தமிழ்ப் பண்டிதர்கள் மறுபக்கமுமாக அமர்ந்திருந்தமையினாலே, ஒருவர் கைப்பொருளை மற்றவர் காணாது போயினர்.

தொல்காப்பியனார் எச்சவியலிலே பத்து எச்சங்களை எண்ணிக் கூறுகிறார். பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை என்பன அவை. எச்சம் என்றவுடன் பெயரெச்சம் வினையெச்சம் என்னும் இரண்டுமே நம் மாணவர் நினைவுக்கு வரும். அவற்றை முடிக்குஞ் சொல் வசனத்தின் உள்ளேயே பெரும்பாலும் வந்துவிடும். ஏனைய பலவற்றிலோ முடிக்குஞ் சொல் தாளிலே வாராது. கேட்போன் உள்ளத்திலே வரும். 'கந்தனே வந்தான்' என்றால் மற்றையோர் வந்திலர் என்பது எஞ்சி நிற்கிறது. 'கந்தனும் வந்தான்' என்றால் வேறொருவரும் வந்தார் என்பது எஞ்சுகிறது. 'நானோ உன்னை மறப்பேன்?' என்றால் 'மறவேன்' என்பது சொல்லாமலே விளங்குகிறது. ஓர் ஏகாரம், ஓர் உம்மை, ஓர் ஓகாரம். ஒவ்வொன்றும் தன் பின்னே ஒரு முழு வசனத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்திலே 'ஒன்லி', 'ரூ', 'ஈவின்' என்னும் சொற்கள் செய்வதும் இதுவே. ஒரு பிள்ளைகூட இதனை அறியும் என்பதற்கு 'ஈவின் எ சைல்ட்' என்று தொடங்கும் வசனத்திலே, பெரியோர் அறிவர் என்னும் பகுதி சொல்லாது விடப்பட்டது. அப்பகுதியைக் காணாத மாணவன் அந்த வசனத்திலே குத்தலைக் காணமாட்டான். வெறுஞ் செய்தியையே காண்பான்.

சொல்லெச்சத்தைப் பற்றிக் கூறுமிடத்து, அது முன்னும் எஞ்சும், பின்னும் எஞ்சும், ஆயினும் ஒரு சொல்லளவே எஞ்சும் என்று தொல்காப்பியனார் எல்லை கட்டுகிறார். எத்துணைக் கட்டுப்பாடு! உரைகாரன் தன் மனம் போனவாறு மூலத்துள்ளே சொற்களைப் புகுத்துதலாகாது என்னும் எச்சரிக்கையாகவும் அதனைக் கொள்ளலாம்.

வருவித்துரைத்தல் என்பது உரையாசிரியர்களின் நித்திய தொழில். சூத்திரம் என்றாலே சொற்சுருக்கம். சுருங்கியதை விரிப்பவன் எதை வருவிக்கலாம், எதை வருவிக்கலாகாது என்று அறிந்திருக்க வேண்டும். இதற்கு அவர்கள் கையிலே மூன்று அளவுகோல்கள் இருந்தன. அவாய்நிலை, தகுதி, அண்மை என்பன. வடமொழி மீமாம்சகரும் நியாய நூலாரும் ஆகாங்க்ஷை, யோக்கியதை, சந்நிதி என்று கூறுவன இவையே. ஒரு சொல் மற்றொரு சொல்லை வேண்டி நிற்றல் அவாய்நிலை. வேண்டப்பட்ட இடத்திலே பொருந்தக்கூடியதாக அச்சொல் இருத்தல் தகுதி. கைக்கெட்டிய தூரத்திலே அது கிடைத்தல் அண்மை.

இம்மூன்றையும் நான் ஆங்கில வகுப்பிலே வைத்துப் பார்த்திருக்கிறேன். மாணவனுக்கு விளங்காத வசனம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவேன். எந்தச் சொல் துணையை வேண்டி அழுகிறது என்பது முதல் வினா. என்ன வகைச் சொல் அங்கே பொருந்தும் என்பது இரண்டாவது. அச்சொல் அண்டையிலே எங்கே கிடக்கிறது என்பது மூன்றாவது. மூன்றாம் வினாவுக்கு விடை பெரும்பாலும் முந்திய வசனத்திலே இருக்கும். 1976ஆம் ஆண்டிலே ஹலிடேயும் ருக்கையா ஹசனும் ஆங்கில உரைநடையின் இயைபைப் பற்றி எழுதிய நூலிலே, பெயர் தொகுதல், வினை தொகுதல், வசனப் பகுதி தொகுதல் என்று மூவகையாகப் பிரித்து, விடப்பட்ட சொல் முன்னே வந்த சொல்லோடு வசனங்களைப் பிணைக்கிறது என்று விரிவாகக் காட்டினர். அண்மையென்று நம்மவர் சுருங்கக் கூறியதன் நீண்ட விளக்கம் என்றே அதனைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. தமிழ் படித்த ஒருவனுக்கு அந்நூல் அந்நிய நாடாகத் தோன்றாது.

ஆயின் இரு மொழிகளும் ஒரே இடத்திலா சொல்லை விடுகின்றன? இங்கேதான் இடர்ப்பாடு. தமிழ் எழுவாயைத் தாராளமாக விட்டுவிடும். 'வந்தேன்' என்றாற் போதும். வந்தவன் யார் என்பதை விகுதி சொல்லிவிடும். தோன்றா எழுவாய் என்று இலக்கணம் அதற்குப் பெயரிட்டது. ஆங்கிலம் ஏவலிலன்றி எழுவாயை எளிதில் விடாது. மழை பெய்தாலும் அதற்கோர் எழுவாய் வேண்டும் என்று அடம்பிடித்து, பொருளில்லாத 'இற்' என்பதனை முன்னே நிறுத்தி 'இற் றெயின்ஸ்' என்கிறது. எது பெய்கிறது என்று மாணவன் கேட்டால் ஆசிரியருக்கு விடையில்லை. நாமோ 'மழை பெய்கிறது' என்று பெய்வதன் பெயரையே சொல்லிவிடுகிறோம். மறுபக்கத்திலே, 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாது நாம் முடிக்கும் வசனத்துக்கு ஆங்கிலத்திலே 'இஸ்' வேண்டும். தமிழ் விடும் இடத்திலே ஆங்கிலம் நிரப்புகிறது. ஆங்கிலம் விடும் இடத்திலே தமிழ் வேறு வழி செய்துகொள்கிறது. 'நான் வாங்கிய புத்தகம்' என்னும் தொடரிலே இணைப்புச் சொல் வேண்டியதே இல்லை. பெயரெச்சம் அவ்வேலையை முடித்துவிடுகிறது.

இன்னும் நுட்பமானதொன்று உண்டு. கந்தன் தேநீரும் முருகன் கோப்பியும் குடித்தனர் என்று நாம் சொல்கிறோம். குடித்தல் என்னும் வினை கடைசியிலே ஒருமுறை வருகிறது. ஆங்கிலத்திலே இதனை 'கந்தன் டிறாங் ரீ அன்ட் முருகன் கொபி' என்பர். அங்கே வினை முதலிலே வந்து, இரண்டாம் இடத்திலே விடப்படுகிறது. தமிழ் மாணவன் வசனத்தின் இறுதி வரையில் வினைக்காகக் காத்திருக்கிறான். முருகனுக்கும் கோப்பிக்கும் பின்னே முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. முருகன் கோப்பியை என்ன செய்தான்? விற்றானா, ஊற்றினானா? 1970இலே ஜோன் ரொஸ் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் இவ்வகை விடுகை எத்திசையிலே நிகழும் என்பது அந்தந்த மொழியின் சொல்லொழுங்கைப் பொறுத்தது என்று ஆராய்ந்து எழுதினார். வினையை இறுதியிலே வைக்கும் மொழிகள் முன்னைய வினையை விடும். வினையை நடுவிலே வைக்கும் மொழிகள் பின்னையதை விடும்.

இதை வாசித்தபோது தண்டியலங்காரத்துத் தீவக அணி என் நினைவுக்கு வந்தது. தீவகம் என்றால் விளக்கு. ஓரிடத்திலே நிற்கும் ஒரு சொல், விளக்கின் ஒளி வீடெங்கும் பரவுவதுபோல, செய்யுளிலே பல இடங்களிலும் சென்று பொருள் தருவது அந்த அணி. முதலிலே வைத்தால் முதனிலைத் தீவகம். இடையிலே வைத்தால் இடைநிலைத் தீவகம். இறுதியிலே வைத்தால் கடைநிலைத் தீவகம். ஆங்கிலம் விளக்கை வாசலிலே வைக்கிறது, நாம் அதனை அடுக்களையிலே வைக்கிறோம் என்று வகுப்பிலே சொன்னால் மாணவர் மறப்பதேயில்லை. அலங்காரம் பற்றிய பாடம் அயல்மொழி உரைநடைக்குத் திறவுகோலாகும் என்று எந்தப் பாடத்திட்டக் குழுவும் எண்ணியிராது!

எழுவாய் மறைந்து நிற்கும் வேறோரிடத்திலும் நமது இலக்கணம் கைகொடுக்கிறது. 'வைல் குறொசிங் த றோட், த பஸ் ஹிற் ஹிம்' என்று ஒரு மாணவன் எழுதினான் எனக் கொள்வோம். தெருவைக் கடந்தவர் யார்? ஆங்கில மரபின்படி முற்பகுதியிலே மறைந்த எழுவாய் பிற்பகுதியின் எழுவாயாகவே இருத்தல் வேண்டும். ஆகவே தெருவைக் கடந்தது பஸ்! இதனை விளக்க ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முற்றுக்கும் வினைமுதலாகக் கொண்டு முடியும் என்பது தொல்காப்பிய விதி. 'அவன் தெருவைக் கடந்து பஸ் மோதியது' என்று தமிழிலே எவனும் எழுதான். எழுதினால் பாட்டியும் சிரிப்பாள். 'கடக்க' என்றோ 'கடக்கும்போது' என்றோ சொல்லுவான். தன் காதிலே ஏற்கெனவே குடியிருக்கும் விதியை மாணவனுக்குக் காட்டிக்கொடுத்தாற் போதும்.

தமிழ்தான் எல்லா இடத்திலும் தெளிவானது என்று நான் சொல்ல வரவில்லை. 'ஆசிரியர் என்னைவிடத் தம்பியை நன்கு அறிவார்' என்ற வசனத்தைப் பாருங்கள். நான் தம்பியை அறிவதிலும் ஆசிரியர் மிகுதியாக அறிவாரா? என்னை அறிவதிலும் தம்பியை மிகுதியாக அறிவாரா? இரண்டும் பொருந்தும். எஞ்சிய சொல்லை வருவித்தாலன்றி வழக்குத் தீராது. ஆங்கிலத்திலே 'தான் ஐ' என்று முடித்தால் ஒன்று, 'தான் மீ' என்று முடித்தால் மற்றொன்று. 'ஐ' என்றால் பின்னே 'டூ' மறைந்து நிற்கிறது. 'மீ' என்றால் முன்னே 'ஹீ நோஸ்' மறைந்து நிற்கிறது. இக்காலத்துப் பேச்சிலே இரண்டுக்கும் 'தான் மீ' என்றே சொல்லிவிடுகின்றனர். பழைய வேறுபாட்டை இன்னும் வற்புறுத்தும் ஆசிரியரை நான் குறை கூறமாட்டேன்.

இப்பொருளைப் பற்றி எழுதுங்கால் தந்தியை மறத்தல் கூடாது. தந்தியிலே சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே ஆங்கிலத்தின் சிறு சொற்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டே எழுதுவர். 1956ஆம் ஆண்டிலே யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர், கொழும்பிலிருந்த உத்தியோகத்தர் ஊருக்கு வருமுன் தந்தியடித்தல் வழக்கம். 'கமிங் யாழ்தேவி ருமோறோ' என்று மூன்று சொல்லிலே செய்தி வரும். வருவது நாளை, வருவது யாழ்தேவியில், வருவது யார்? அவர் தனியே வருகிறாரா? மனைவி மக்களோடு வருகிறாரா? மாமியாரும் கூடவா? எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று வீட்டிலே ஒரு மகாநாடு கூடும். 'வருகிறேன்', 'வருகிறோம்', 'வருகிறார்கள்' என்று தமிழிலே அடித்திருந்தால் அதே ஒற்றைச் சொல்லுக்குள் ஆள்தொகையும் அடங்கியிருக்கும். காசும் மிகாது. சிரிப்புக்குரிய இடத்தை விட்டால், அழுகைக்குரிய இடமும் அதிலுண்டு. மலாயாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ 'பாதர் சீரியஸ்' என்று வந்த தந்தியைக் கையிலே வைத்துக்கொண்டு, சொல்லாது விட்ட சொல் எதுவோ என்று நடுங்கிய குடும்பங்கள் எத்தனை! உள்ளதைச் சொல்ல மனமின்றி 'சீரியஸ்' என்று அடிப்பதும் வழக்கமாதலால், ஊரிலே ஆங்கிலம் அறிந்த ஒருவரை அழைத்து வாசிப்பித்தபோது, அவர் வாயையன்றி முகத்தையே எல்லாரும் பார்த்தனர். தொல்காப்பியனார் குறிப்பெச்சம் என்று தனியே ஒன்றை வைத்ததன் அருமை அங்கே புலனாகும். தந்தி வழக்கொழிந்த இந்நாளிலே கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காசு மிச்சம் பிடிக்க வேண்டிய தேவை நீங்கியும் சொற்கள் சுருங்கியே வருகின்றன.

மொழிபெயர்ப்பாளனுக்கு இது இன்னும் பெரிய சோதனை. 1611இலே வெளிவந்த ஆங்கில வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள், மூலத்திலே இல்லாமல் தாம் வருவித்த சொற்களை வேறு அச்செழுத்திலே காட்டினர். பின்வந்த பதிப்புக்களிலே அவை சாய்வெழுத்தாயின. இருபத்துமூன்றாஞ் சங்கீதத்தின் தொடக்கத்திலுள்ள 'இஸ்' என்பது சாய்வெழுத்திலே நிற்கும். எபிரேய மொழியிலே அவ்விடத்தில் அப்படியொரு சொல் இல்லை. தமிழைப் போலவே அதுவும் பெயரோடு பெயரைச் சேர்த்து வசனம் முடிக்கும். கடவுளின் வாக்கு இது, எங்கள் சொல் இது என்று வேறு பிரித்துக் காட்டிய அந்த நேர்மை போற்றத்தக்கது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் உழைத்த தமிழ் மொழிபெயர்ப்பு 1850இலே அச்சாயிற்று. வினையில்லாத வசனத்தை இயல்பாக ஏற்கும் தமிழுக்கு 'இஸ்' எங்கே வேண்டும், எங்கே வேண்டா என்பது அத்தகைய பணியிலே ஈடுபட்ட எவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவாகும்.

அவ்வினாவை இன்று நாம் கேட்பதையே விட்டுவிட்டோம் என்பதுதான் எனது கவலை. 'அவர் ஒரு ஆசிரியராக இருக்கிறார்' என்று பத்திரிகையிலும் வானொலியிலும் கேட்கிறோம். 'அவர் ஆசிரியர்' என்றால் என்ன குறைந்துவிடும்? ஆங்கிலம் விடமுடியாத 'இஸ்' என்பதும், விடமுடியாத 'எ' என்பதும் தமிழ் வசனத்துள்ளே வந்து குந்திக்கொண்டன. 'இது ஒரு முக்கியமான பிரச்சினையாக இருக்கின்றது' என்று எழுதும் மாணவனைக் கேட்டால், அதுவே இலக்கணத் தமிழ் என்கிறான். பேச்சிலே அவன் அப்படிச் சொல்லுவானா? ஒழுங்கையிலே எதிர்ப்பட்ட அயலவர் "எப்பிடிச் சுகம்?" என்றால் "ஓம், இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு நடப்பவன் அல்லனோ அவன்? எதை விடலாம் என்று அறிந்த நாவு அது. பேனாவைப் பிடித்தவுடன் அந்த அறிவு அவனை விட்டுப் போய்விடுகிறது. ஆங்கிலத்திலே எஞ்சிய சொல்லைக் காணத் தெரியாமையும், தமிழிலே எஞ்ச வேண்டிய சொல்லை எஞ்சவிடத் தெரியாமையும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று நான் கருதுகிறேன்.

வருவித்தலிலும் அளவு கடந்தோர் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலே சலமங்காப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சங்றியஸ் என்பவர் 1587இலே வெளியிட்ட 'மினர்வா' என்னும் இலத்தீன் இலக்கணத்திலே, மறைந்த சொற்களைக் கொண்டே மொழியின் பெரும்பகுதியை விளக்கப் புகுந்தார். இலத்தீனிலே மழை பெய்தலைக் குறிக்கும் ஒற்றை வினைக்குள்ளே 'மழை' என்னும் எழுவாய் ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. தமிழரிடம் வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இந்தப் போக்குக்கு மறுதலையாக, டென்மார்க்கு நாட்டு அறிஞர் யெஸ்பர்சன் 1924இலே வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலிலே, இன்றியமையாத இடத்திலன்றிச் சொல்லை வருவித்தலாகாது என்று எச்சரித்தார். நான் முதலிலே காட்டிய 'த புக் ஐ போற்' என்னும் தொடரிலேகூட ஒன்றும் விடப்படவில்லை என்பதே அவர் கொள்கை. இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதே அங்கே தொடர்பு. இல்லாத 'விச்'சைத் தேடவேண்டா என்பார். மொழி வரலாற்றை நோக்க அவர் பக்கமே நியாயம் மிகுதி. வகுப்பறையிலே, திகைத்து நிற்கும் பிள்ளைக்கு முன்னே, நான் பழைய முறையையே கைக்கொள்கிறேன். ஏணியை வைத்து ஏறிய பின் எடுத்துவிடலாம்.

தமிழிலும் திரும்ப விரிக்க முடியாத சுருக்கங்கள் உண்டு. ஒடியற்கூழ் என்பதிலே 'மாவினாற் காய்ச்சிய' என்பது தொக்கு நிற்கிறது. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்றொக்க தொகை என்று பண்டிதர் கூறுவர். இதிலே ஐயமில்லை. ஆனால் ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா? மூன்றுமாம். காலத்தை மறைத்து நிற்பதனாலே அது வினைத்தொகையாயிற்று. ஒரு காலத்தை வருவித்தவுடனே மற்றைய இரண்டும் கெட்டுவிடும். நமது புழுக்கொடியலும் அத்தன்மையதே. புழுக்கிய ஒடியல் என்று விரித்துப் பார்த்தால் அது ஒரு நாள் நடந்த செய்தியாகிவிடுகிறது. பண்டத்தின் பெயர் போய்விடுகிறது. இங்கே விடப்பட்ட சொல் எது என்ற வினாவே பிழையாகும்.

சென்ற தவணையிலே என்னிடம் பயிலும் மாணவருக்கு 'ஐ வோன்ற் ரு' என்னும் மறுமொழியைக் கொடுத்து, எஞ்சியது யாது என்று கேட்டேன். வர விருப்பமா என்று ஒருவன் கேட்க மற்றவன் சொன்ன விடை அது. 'ரு' மாத்திரம் நிற்கிறது. 'கம்' என்னும் வினை இல்லை. தமிழிலே இதற்கு 'விருப்பம்' என்று ஒற்றைச் சொல்லாலே விடையிறுத்துவிடுவோம். 'வர' என்பதன் அடையாளம் அணுவளவும் மிஞ்சாது. உருபை வைத்துக்கொண்டு சொல்லை விழுங்கிய இவ்வசனத்தைத் தொல்காப்பியரின் பத்தினுள் எதிலே அடக்குவது? எஞ்சியது ஒரு சொல்லே, ஆதலாற் சொல்லெச்சம் என்றனர் ஒரு சாரார். சொல்லெச்சத்திலே இப்படி உருபு தனித்து நின்று அழுவதில்லை, ஆதலால் பதினோராவது ஒன்று வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். இரண்டாங் கட்சியின் தலைவி, தமிழ்ப் பாடத்திலே பின்தங்கியவள் என்று பெயரெடுத்த ஒரு மாணவி. மறுநாள் அவள் சேனாவரையத்தைத் தந்தையின் அலுமாரியிலிருந்து தூசு தட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.